தறியின் மேல் விழுந்த பழி

ஆரணியில் பட்டு நெய்பவருக்குப் பார்வை மங்கினால் யாரும் காரணம் தேடிப் போவதில்லை. காரணம் எதிரிலேயே நிற்கிறது: தறி. அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்து, குழித்தறியில் குனிந்தே இருந்த கண் ஐம்பது வயதில் ஓய்ந்துபோவது இயல்புதானே என்று வீட்டார் ஏற்றுக்கொள்கிறார்கள். பட்டுக்கு முன்பே மெல்லிய மஸ்லினுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. அந்த நம்பிக்கையும் அந்தளவுக்குப் பழையதாகவே இருக்க வேண்டும். அதில் உண்மையும் உண்டு. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருகிறது, நெடுநேரம் இமைக்காமல் பார்த்தால் கண் உலர்கிறது, தலை வலிக்கிறது. இவற்றுக்குக் கண்ணாடியும் சொட்டு மருந்தும் ஓய்வும் போதும். ஆனால் இழையைப் பார்ப்பதால் பார்வை நரம்பு பட்டுப்போவதில்லை. அந்த இழப்பையும் தறியின் கணக்கில் எழுதிவிட்டதால், உண்மையான காரணம் சில நேரம் கழுத்திலேயே இருந்தும் கவனிக்கப்படாமல் போகிறது.

இதற்கு நெசவாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. மருத்துவமும் நெடுங்காலம் கண்ணைத் தனி உறுப்பாகவே பார்த்தது. 1819இல் சென்னையில் தொடங்கிய கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. எழும்பூரில் அதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல், பார்வை நரம்பை மெல்லச் சிதைக்கும் கிளாக்கோமா நோய்க்கு ஓர் அறுவை சிகிச்சையைக் கையாளத் தொடங்கினார். வெண்விழி ஓரத்தில் சிறு துளையிட்டு உள்ளே தேங்கும் நீரை வடியவிடும் முறை அது. உலகமெங்கும் பரவி எண்ணற்றவர்களின் பார்வையைக் காத்தது. சென்னை பெருமைப்பட வேண்டிய சாதனை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, அது நரம்பை நசுக்குகிறது, ஆகவே அழுத்தத்தைக் குறை என்பது அதன் அடிப்படை. 1947க்குப் பிறகு விக்டர் ராம்போ வேலூர் சி.எம்.சி.யிலிருந்து கிராமங்களுக்குக் கொண்டுபோன கண் முகாம்களின் முதல் இலக்கு கண்புரை. அன்றைய தேவைக்கு அதுவே சரி. இருந்தாலும் முகாம் என்றால் புரை, கண்ணாடி என்ற பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

இதே காலத்தில் வேறொரு பாதையும் துலங்கிக்கொண்டிருந்தது. கழுத்தின் இருபுறமும் மேலேறும் பெருந்தமனி மண்டைக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு ஒரு கிளை தருகிறது. அதிலிருந்து பிரியும் மெல்லிய குழாய்களே பார்வை நரம்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் ஊட்டுகின்றன என்பதை நிறுவியவர்களில் முதன்மையானவர் பஞ்சாபில் பயின்ற சோகன் சிங் ஹேரே. 1951இல் கனடாவின் மில்லர் ஃபிஷர், கழுத்துத் தமனி அடைபட்டவர்களில் சிலருக்கு அதே பக்கத்துக் கண் சில நிமிடம் இருண்டு தெளிவதையும், எதிர்ப்பக்கக் கை கால் செயலிழப்பதையும் சேர்த்துக் காட்டினார். வாய்க்கால் தலைப்பில் மண் தூர்ந்தால் கடைமடை காய்வது போன்றதுதான் இது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். கழுத்துத் தமனி குறுகிய எல்லோருக்கும் பார்வை போகிறதா? இல்லை. மூளையின் அடியில் தமனிகள் வளையமாக இணைந்திருப்பதாலும், முகத்து இரத்தக் குழாய்கள் கைகொடுப்பதாலும் பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள். கண் முழுதும் இரத்தமின்றி வாடும் நோய் பெரும்பாலும் தமனி ஏறத்தாழ முழுமையாக அடைபட்ட பிறகே வருகிறது. பார்வை நரம்பு திடீரெனப் பட்டுப்போகும் பலருக்குக் குற்றவாளி கழுத்து அன்று, கண்ணருகே உள்ள நுண்குழாய்களே என்று ஹேரேயே வலியுறுத்தினார். கிளாக்கோமாவில் கழுத்துத் தமனியின் பங்கு பற்றிய ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே அழுத்தத்தை ஒதுக்கிவிட்டு எல்லாப் பழியையும் கழுத்தின் மேல் போடுவது பழைய தவற்றையே திருப்பிச் செய்வதாகும். ஆனால் அழுத்தம் ஒன்றே கதை அன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2005இல் வெளிவந்த சென்னை கிளாக்கோமா ஆய்வு, கிராமங்களில் நாற்பது வயதைத் தாண்டியோரில் 1.62 சதவீதத்தினருக்குத் திறந்த கோணக் கிளாக்கோமா இருப்பதைக் கண்டது. அவர்களில் அநேகமாக யாருக்கும் நோய் இருப்பதே தெரியாது. பெரும்பாலோருக்குச் சோதனையின்போது கண் அழுத்தம் வழக்கமான வரம்புக்குள்ளேயே இருந்தது. அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பியிருந்தால் அவர்கள் நலமானவர்கள் என்ற சொல்லோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

குனிந்து நெய்வதால்தான் கழுத்துத் தமனி நசுங்குகிறது என்று தறியை வேறு வழியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? அதற்குச் சான்று இல்லை. குனிவு தசையை வருத்தும். தமனியைக் குறுக்குவது அது கிளை பிரியும் இடத்தில், சுவருக்குள்ளேயே படியும் கொழுப்பு. அதை வளர்ப்பவை இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் புகையிலையும். ஆரணியில் எல்லோர் கழுத்துக்கும் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் சோதனை வேண்டும் என்று கேட்கவில்லை. அது வீண் செலவு, வீண் பயம். முகாமில் விழித்திரையையும் நரம்பின் முனையையும் பார்ப்பது, இரத்த அழுத்தம் அளப்பது, ஒரு கண் எப்போதாவது திரை விழுந்தாற்போல் இருண்டு தெளிந்ததா என்று கேட்பது, இவை போதும். ஆம் என்று சொல்பவரைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பக் கூடாது. பக்கவாதம் நெருங்குகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அன்றைக்கே அவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும்.