தூங்கினாலும் மின்சாரம் குடிக்கும் ஏடிசி

ஏடிசி என்றால் இப்போது சிப்புக்குள் ஒரு சின்ன மூலை. 1954-ல் அப்படியில்லை நண்பர்களே! அமெரிக்காவில் எப்ஸ்கோ கம்பெனியில் பெர்னார்ட் கார்டன் உருவாக்கிய டேட்ராக் முழுக்க வெற்றிடக் குழாய்களால் ஆனது. 11 பிட், வினாடிக்கு 50,000 அளவீடு, எடை சுமார் 68 கிலோ. குடித்த மின்சாரம் 500 வாட்! (நம்ம ஊர் சீலிங் ஃபேன் ஆறு ஓட்டலாம்.)

உத்தேசித்து, ஒப்பிட்டு, பிட் பிட்டாக நெருங்கும் அதே முறையில்தான் ஆட்மெல்லின் ஏடிமெகா328பி-யில் உள்ள 10 பிட் ஏடிசியும் அளக்கிறது. இந்த ஏவிஆர் குடும்பத்துக்கு 1990-களில் விதை போட்டவர்கள் நார்வேயில் ட்ரோன்ட்ஹெய்ம் மாணவர்கள் இருவர். நமக்கெல்லாம் பெருமைதான்!

ஆனால் ஒரு வில்லங்கம். சிப்பைத் தூங்க வைத்தாலும் ஏடிசி தானாக அணையாது. ஏடிஇஎன் பிட்டை நாம்தான் 0 ஆக்கவேண்டும். 2005-ல் வந்த அர்டுயினோவோ தொடக்கத்திலேயே அதை 1 ஆக்கிவிடுகிறது, நீங்கள் எதையும் அளக்காவிட்டாலும். கால் மில்லி ஆம்பியர் கசிந்தால்கூட 220 மில்லி ஆம்பியர்-மணி பட்டன் பேட்டரி 37 நாளில் காலி.

வரிசையும் முக்கியம். முதலில் ஏடிஇஎன், பிறகுதான் பிஆர்ஆர் வழியாக கிளாக்கை நிறுத்தவேண்டும். மாற்றிச் செய்தால் ஏடிசி எரிந்த நிலையிலேயே உறைந்துவிடும். திரும்ப எழுப்பும்போது முதல் அளவீட்டுக்கு 13-க்குப் பதில் 25 கிளாக் பிடிக்கும், அவ்வளவுதான்.