படத்தில் கிழிசல் தெரியும், வலி தெரியுமா?

போன வருஷம் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாலே தோளில் சுருக்கென்று ஒரு வலி. நாற்பதைத் தாண்டியும் ஷட்டில் விளையாடுவதன் பலன். டாக்டர் எம்ஆர் ஆர்த்ரோகிராம் எழுதிக் கொடுத்தார். தோள் மூட்டுக்குள் ஊசி போட்டு மருந்தை நிரப்பி, அப்புறம் எம்ஆர்ஐ எடுப்பது. லேப்ரத்தின் மேல்பகுதியில் கிழிசல் என்று ரிப்போர்ட் வந்தது. ஆபரேஷன் பண்ணலாம் என்றார்கள்.

"இந்த டெஸ்ட் எவ்வளவு துல்லியம் சார்?" என்று கேட்டேன். "ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம்" என்று பதில் வந்தது. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒரு எண்ணைக் கேட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: எதோடு ஒப்பிட்டு தொண்ணூறு? அதைத் தேடிப் போனபோது கிடைத்த கதைதான் இது.

1895-ல் ராண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது எலும்பு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மூட்டில் கிழிவது பெரும்பாலும் எலும்பு இல்லை. தசைநாண், குருத்தெலும்பு, சவ்வு போன்றவைதான். எக்ஸ்ரேயில் இவை வெறும் நிழல். அடுத்த பத்து வருஷத்துக்குள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். முழங்காலுக்குள் ஆக்சிஜனைச் செலுத்தி, மூட்டை உப்ப வைத்துப் படம் எடுத்தார்கள். 1939-ல் ஸ்வீடனில் லின்ட்ப்ளோமும் பால்மரும், எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய திரவத்தைத் தோள் மூட்டுக்குள் செலுத்தினார்கள். தசைநாண் முழுசாகக் கிழிந்திருந்தால் திரவம் மூட்டைத் தாண்டி மேலே கசிந்து நிற்கும்.

பஞ்சர் கடையில் செய்வதும் இதேதான். காற்று இல்லாத ட்யூபில் ஓட்டை தெரியாது. காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால்தான் குமிழ் வரும்.

இதே காலத்தில் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். கிழிந்த தோள் தசைநாணை 1909-லேயே தைத்தவர். 1934-ல் தோளைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஆனால் அவர் கேட்ட வேறொரு கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார்? ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு இதைக் குறித்து வைத்தார். தன் சின்ன ஆஸ்பத்திரிக்கு 1911 முதல் 1916 வரை வந்த 337 பேரில், 123 தவறுகள் நடந்ததாக அவரே அச்சிட்டு வெளியிட்டார். சக டாக்டர்கள் இதை ரசிக்கவில்லை என்று சொல்லவே வேண்டாம்.

துல்லியத்தை எண்ணாக அளப்பது 1947-ல் வருகிறது. காசநோய்க்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேக்களை ஆராய்ந்த ஜேக்கப் யெருஷால்மி, ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் வேறுவேறாகப் படிப்பதைக் கவனித்தார். நோய் இருப்பவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறோம் என்பதற்கு சென்சிட்டிவிட்டி என்றும், இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுகிறோம் என்பதற்கு ஸ்பெசிஃபிசிட்டி என்றும் பெயர் வைத்தார்.

1973-ல் லாட்டர்பரின் எம்ஆர்ஐ கட்டுரை. 1980-களின் கடைசியில் காடோலினியம் மருந்து சந்தைக்கு வந்தது. 1987-ல் ஹயெக், சார்டோரிஸ், ரெஸ்னிக் முதலானவர்கள், இறந்தவர்களின் மூட்டுகளில் திரவம் நிரப்பி எம்ஆர்ஐ எடுத்துக் காட்டினார்கள். பழைய பஞ்சர் டெக்னிக், புது கேமரா. தோளில் இதனால் அதிகம் லாபம் அடைந்தது லேப்ரம். தோள் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி வாஷர் மாதிரி ஒட்டியிருக்கும் நார்க் குருத்தெலும்பு அது. 2012-ல் டோபி ஸ்மித் குழு 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. லேப்ரம் கிழிசலுக்கு ஆர்த்ரோகிராமின் சென்சிட்டிவிட்டி 88, ஸ்பெசிஃபிசிட்டி 93. சாதா எம்ஆர்ஐக்கு 76, 87. ஆக, ஊசி குத்தியது வீண் இல்லை.

ஆனால் எதோடு ஒப்பிட்டு? பெரும்பாலும் ஆபரேஷனில் கண்ணால் பார்த்ததோடு. அதாவது ஏற்கனவே ஆபரேஷன் மேஜை வரை போனவர்கள்தான் இந்த ஆய்வுகளின் டெஸ்ட் கேஸ்கள். அவர்களில் கிழிசல் உள்ளவர்கள் நிறைய இருப்பார்கள். அதே 88, 93-ஐ, பத்தில் ஒருவருக்கு மட்டும் கிழிசல் இருக்கும் 1000 பேரிடம் போட்டுப் பாருங்கள். கிழிந்த 100 பேரில் 88 பேர் மாட்டுவார்கள். கிழியாத 900 பேரில் 63 பேருக்கும் "கிழிசல்" என்று ரிப்போர்ட் வரும். மொத்தம் 151 ரிப்போர்ட்டில் 88 தான் நிஜம், அதாவது 58 சதவீதம். டெஸ்ட் அதேதான், ஆள் கூட்டம்தான் மாறியது.

சரி, கிழிசல் நிஜமாகவே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வலிக்குக் காரணம் அதுதானா? 2016-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 45 முதல் 60 வயது வரை உள்ளவர்களின் வலியே இல்லாத 53 தோள்களை எம்ஆர்ஐ எடுத்தார்கள். லேப்ரத்தின் மேல்பகுதியில் கிழிசல் என்று ஒரு ரேடியாலஜிஸ்ட் 55 சதவீதம் தோள்களைச் சொன்னார், இன்னொருவர் 72 சதவீதம் என்றார். யெருஷால்மி பார்த்த அதே வேறுபாடு, எழுபது வருஷம் கழித்தும்.

2017-ல் நார்வேயிலிருந்து இன்னொரு ஆய்வு. இந்தக் கிழிசலால் அவதிப்பட்ட 118 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு லேப்ரத்தைத் தைத்தார்கள். இன்னொன்றுக்கு பைசெப்ஸ் தசைநாணை இடம் மாற்றிக் கட்டினார்கள். மூன்றாவது குழுவுக்குத் துளை போட்டுப் பார்த்ததோடு சரி, எதையும் தைக்கவில்லை. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து மூன்று குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காட்மனின் அட்டை கடைசியில் இங்கே வந்து நிரம்பியது.

இதைப் படித்துவிட்டு ஸ்கேனே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். இருபது வயதுப் பையன் விழுந்து தோள் கழன்று, மறுபடி மறுபடி கழன்றால் கதையே வேறு. அங்கே அடிபட்ட விதம், பரிசோதனை, படம் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டும். தைப்பதில் பலனும் உண்டு. என்னைப் போல் விழவும் இல்லை, கழலவும் இல்லை, வயசு மட்டும் ஏறியது என்கிறவர்களுக்குத்தான் படத்தை மட்டும் நம்பினால் சிக்கல்.

நான் டாக்டர் இல்லை. அதனால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் திரும்பப் போய், "இந்தக் கிழிசல் இல்லாவிட்டாலும் எனக்கு இந்த வலி இருந்திருக்குமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். கையை மறுபடி எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஆறு மாசம் பிசியோதெரபி பண்ணுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். இப்போது நாலாவது மாசம். சட்டை போடும்போது வலிப்பதில்லை, ஸ்மாஷ் அடிக்கப் பயமாக இருக்கிறது. காட்மன் மாதிரி நானும் ஒரு அட்டை போட்டுக் குறித்து வருகிறேன்.