தக்ளியும் சான்றிதழும்

ஆதாரக் கல்வியைப் பற்றி ஆய்வேடு எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வகை ஆவணங்களோடு நின்றுவிடுகின்றனர். ஒன்று, காந்தியும் ஜாகிர் உசேனும் அவர்களைச் சார்ந்தோரும் எழுதியவை. மற்றொன்று, அரசுக் குழுக்களின் அறிக்கைகள். முதல் வகையில் குழந்தை இருக்கிறது. இரண்டாம் வகையில் ஆசிரியர், பஞ்சு, கட்டடம், நிதி எல்லாம் இருக்கின்றன. பெற்றோர் எங்கே என்று தேடினால், ‘பெற்றோரின் அறியாமை’, ‘பெற்றோரின் ஒத்துழையாமை’ போன்ற தொடர்களில்தான் அகப்படுகின்றனர். திட்டம் தோற்றதற்குரிய காரணப் பட்டியலில் அவர்கள் ஓர் உருப்படி. இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதற்காகவே இந்த நீண்ட பதிவு.

மாற்றுப் பள்ளி என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. ஆனால் இந்தியாவின் மிகப் பெரிய மாற்றுக் கல்வி முயற்சி அரசுப் பணத்தில், கிராமத்துப் பொதுப் பள்ளிகளில் நடந்தது. 1937இல் மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவியேற்றபோது அவற்றின் முன் ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. மதுவிலக்குக் கொண்டுவந்தால் கள், சாராய வருவாய் போய்விடும். பள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கைத்தொழில் வழியே கற்பித்தால் பிள்ளைகள் செய்யும் பொருளின் விலையே ஆசிரியர் ஊதியத்தை ஈடுகட்டும் என்றார் காந்தி. அதே ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு இக்கருத்தை ஏற்று, ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைத்தது. ஜே.சி. குமரப்பாவும், இலங்கையில் பிறந்த தமிழரான ஆரியநாயகமும் அதில் இருந்தனர். ‘ஊதியத்தை ஈடுகட்டும் உழைப்பு’ என்ற பகுதியை மாநாட்டிலேயே கே.டி. ஷா போன்றோர் ஐயுற்றனர் என்பதையும் மறக்கலாகாது.

அக்குழு வகுத்த கால அட்டவணையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பள்ளி நேரம் ஐந்தரை மணி. அதில் அடிப்படைக் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். சமூக அறிவுக்கும் பொது அறிவியலுக்கும் 30 நிமிடம். எஞ்சிய 20 நிமிடத்தில் உடற்பயிற்சியும் இடைவேளையும். ஏழு ஆண்டுப் படிப்பு; ஆங்கிலத்துக்கு இடமே இல்லை. ஒரு கல்வியாளர் இதில் தத்துவத்தைக் காண்பார். ஒரு தகப்பன் எதைக் காண்பான்?

பிள்ளையின் பக்கத்தை முதலில் சொல்லிவிடலாம். அடிக்கும் ஆசிரியர், மனப்பாடம், நாள் முழுவதும் சம்மணமிட்டு அசையாதிருத்தல் என்றிருந்த தொடக்கப் பள்ளிக்கு எதிரே, கையில் தக்ளியும் காலடியில் பாத்தியுமாக ஒரு பள்ளி. சேவாகிராமத்தில் கூட்டுவதும் சமைப்பதும் கழிப்பறை தூய்மை செய்வதும் முறைவைத்து நடந்தன. அவையே பாடங்களும் ஆயின. சாந்திநிகேதனில் பயின்று 1944இல் அங்குக் கலை ஆசிரியராக வந்த தேவி பிரசாத், பிள்ளைகளின் ஓவியங்களை அக்கறையோடு கவனித்து, குழந்தைக் கலையைப் பற்றி நூலே எழுதினார். பின்னாளில் கட்சிரோலியில் மருத்துவப் பணியால் புகழ்பெற்ற அபய் பங், சேவாகிராமத்துப் பள்ளியைத் தம் வாழ்வின் மாயப் பள்ளி என்றே எழுதியிருக்கிறார். சமையற்கூடத்திலும் வயலிலும் தொழுவத்திலும் கணக்கும் அறிவியலும் எப்படிக் கற்க முடிந்தது என்று அவர் விவரிப்பதைப் படிப்பவர் எவருக்கும் அப்பள்ளியின்மீது ஏக்கம் பிறக்கும். எனக்கும் பிறந்தது.

ஆயினும் ஆய்வாளர் அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். யாருடைய பிள்ளைகள் இப்படி நினைவுகூர்கின்றனர்? அபய் பங்கின் தந்தை தாகுர்தாஸ் பங் பொருளியல் பேராசிரியர். சர்வோதய இயக்கத்தின் முன்னணித் தலைவர். பிள்ளை ஆதாரப் பள்ளியில் படித்தாலும் வீட்டில் புத்தகம் உண்டு. உயர்கல்வியின் வழி தெரிந்த தந்தை உண்டு. அவரது நினைவின் உண்மையை இது குறைத்துவிடாது. அந்த மகிழ்ச்சிக்கு வீடு ஒரு காப்புறுதியாக இருந்தது என்பதே நான் சொல்ல வருவது. காப்புறுதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அதே தக்ளியைச் சுற்றி அதே அளவு மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அவர்கள் நினைவுக் குறிப்பு எழுதும் நிலைக்கு வந்து சேரவில்லை.

இனிப் பெற்றோர். பிகாரில் 1939 முதல் சம்பாரண் மாவட்டத்துப் பிருந்தாவன் வட்டாரத்தில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட ஆதாரப் பள்ளிகள் நெருக்கமாக நடத்தப்பட்டன. அங்கானாலும் வேறு மாகாணத்துக் கிராமத்திலானாலும், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது ஏழைக் குடியானவனுக்கு இலவசமன்று. மாடு மேய்க்கும் கையை, தம்பியைத் தூக்கும் இடுப்பை அவன் இழக்கிறான். அந்த இழப்புக்கு ஈடாக அவன் எதிர்பார்ப்பது எழுத்தும் கணக்கும், அவற்றின் முடிவில் ஒரு சான்றிதழும். நூற்பதும் மண் கொத்துவதும் வீட்டிலேயே கற்கத்தக்கவை என்று அவன் நினைத்தால் அதை அறியாமை என்பது எப்படிப் பொருந்தும்? உயர்நிலைப் பள்ளியின் வாசலில் ஆங்கிலம் நின்றுகொண்டிருந்தது. ஏழாண்டு ஆதாரப் பள்ளியில் படித்தவன் அவ்வாசலை எப்படிக் கடப்பான் என்பதற்குத் திட்டத்தில் விடை இல்லை. தகப்பன் கேட்டது அந்த விடையைத்தான்.

சாதியைச் சேர்க்கும்போது சிக்கல் இன்னும் தெளிவாகிறது. கழிப்பறை தூய்மையும் தோல் வேலையும் பள்ளிப் பாடமாவதை மேல்சாதிப் பெற்றோர் தீட்டு என்று அஞ்சினால், தலித் பெற்றோருக்கு அதே பாடம் தம் பிள்ளையை எதிலிருந்து விடுவிக்க நினைத்தார்களோ அதையே திரும்பக் கையில் கொடுப்பதாகத் தோன்றக்கூடும். இருவர் எதிர்ப்பும் அறிக்கையில் ஒரே வரியாகும். உள்ளடக்கம் நேர் எதிரானது. உழைக்கும் சாதிகளின் அறிவைப் பாடத்திட்டத்தின் நடுவே கொண்டுவந்ததால் இத்திட்டம் அடித்தட்டுக் குழந்தைக்கே சாதகமானது என்று கல்வியாளர் கிருஷ்ண குமார் வாதிடுகிறார். பாடத்திட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவ்வாதம் வலுவானது. எல்லாப் பிள்ளைகளும் அப்பள்ளியில் படித்திருந்தால் அது மெய்யாகியும் இருக்கும். நகரத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் தொடர, கிராமத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இது என்றானபோது, சாதகம் பாதகமாயிற்று.

முஸ்லிம் பெற்றோரின் மறுப்பு தனியே எழுதப்பட வேண்டியது. இங்கே தொட்டுச் செல்கிறேன். மத்திய மாகாணத்தில் ரவிசங்கர் சுக்லா கொண்டுவந்த பள்ளித் திட்டத்துக்கு ‘வித்யா மந்திர்’ என்ற பெயரே போதுமானதாயிற்று. 1938இல் வெளிவந்த பீர்பூர் அறிக்கையில் அக்குறை இடம்பெற்றது. அதில் லீகின் அரசியல் உண்டு; பள்ளிக்குக் கோவில் என்று பெயரிட்டால் தன் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டா என்று தயங்கிய ஒரு தந்தையின் அச்சமும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது வசதியான வரலாறு.

தமிழ் வாசகர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு. 1953இல் இராஜாஜி கொண்டுவந்து, குலக்கல்வி என்று பெயர்பெற்று, 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்ட திட்டத்தை ஆதாரக் கல்வியோடு ஒன்றாகக் குழப்புவது நம் கட்டுரைகளில் அடிக்கடி நிகழ்கிறது. ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்குள், எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. இராஜாஜி திட்டத்தில் பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலுக்குச் சென்றது. வேறுபாடு பெரிது. எனினும் அன்று தெருவில் இறங்கியவர்கள் இரண்டிலும் ஒரே ஆபத்தை முகர்ந்தார்கள் என்றால், அதை வெறும் குழப்பம் என்று தள்ளிவிடவும் என்னால் இயலவில்லை.

அரசுகளும் பெற்றோரின் ஐயத்துக்கு வலுச்சேர்த்தன. ஒரிசா அரசு தான் திறந்த ஆதாரப் பள்ளிகளை 1941இல் மூடியது. அங்குச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் அடுத்த முறை எந்த அரசுச் சோதனையை நம்புவர்? 1944இன் சார்ஜென்ட் அறிக்கை கைத்தொழில்வழிக் கல்வியை ஏற்றது. பள்ளி தன் செலவைத் தானே ஈட்டும் என்பதை ஏற்கவில்லை. விடுதலைக்குப் பின் எண்ணற்ற பள்ளிகளின் பெயர்ப்பலகை ‘ஆதாரப் பள்ளி’ என்று மாறியது. உள்ளே நடந்தது பெரிதும் பழைய பாடமே. ஜி. இராமச்சந்திரன் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு 1956இல் இந்த அரைமனப் போக்கைச் சுட்டியது. அதே ஆண்டில் காந்திகிராமம் உள்ளிட்ட ஊரக உயர்கல்வி நிறுவனங்கள் தொடங்கின. ஆதாரப் பள்ளியிலிருந்து வருபவனுக்கு ஒரு மேற்படி கிடைத்தது. ஆனால் அந்தச் சான்றிதழுக்கு மற்றப் பல்கலைக்கழகப் பட்டத்தின் மதிப்பு உண்டா என்ற கேள்வி அங்கும் பின்தொடர்ந்தது. வார்தா மாநாட்டுக்குப் பின் இருபது ஆண்டுகள் ஓடியும், அந்தத் தகப்பனின் கேள்வி அப்படியே இருந்தது.

பத்து வயதில் அப்பள்ளியை நேசித்த பிள்ளையும், பதினைந்து வயதில் உயர்நிலைப் பள்ளியின் கடைசி வரிசையில் ஆங்கிலம் புரியாமல் அமர்ந்த பிள்ளையும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்பதை நம் வரலாற்றெழுத்து இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளை அன்றைய நாளைப் பார்த்தது. பெற்றோர் அந்தப் பதினைந்தாம் வயதைப் பார்த்தனர்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழு அறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு, பழைய ஆதாரப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளையும் தேடுங்கள். எழுதத் தெரியாத பெற்றோரும் அங்கே எதையேனும் சொல்லிச் சென்றிருப்பர்: எந்த வகுப்பில் பிள்ளையை நிறுத்தினர், எந்தப் பள்ளிக்கு மாற்றினர், ஆணை எப்போது, பெண்ணை எப்போது. உங்கள் வீட்டில் ஆதாரப் பள்ளியில் படித்த பாட்டனோ பாட்டியோ இருந்தால், பள்ளி எப்படி இருந்தது என்பதோடு நிறுத்தாமல், அவர்கள் தம் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்றும் கேளுங்கள். கிடைக்கும் விடையைக் கீழே எழுதினால் நன்றியுடையவனாவேன்.