தீவு மேடை: பெட்டி கோத்தலும் மட்டம் பிடித்தலும்

சமையலறையின் நடுவில், எந்தச் சுவரையும் ஒட்டாமல், நான்கு புறமும் ஆள் நடமாட இடம் விட்டு அமைக்கப்படும் வேலை மேடை தீவு மேடை எனப்படும். கடைக்காரர்களும் தச்சர்களும் இதை ஐலண்ட் என்றே அழைக்கின்றனர். கொத்தனார் செங்கல்லும் கடப்பாக் கல்லும் கொண்டு எழுப்பும் மேடை ஒரு வகை. ஆலையில் அறுத்துத் துளையிட்டு, அட்டைப் பொதியில் பிரித்த நிலையில் வரும் பலகைகளை வீட்டிலேயே பூட்டிப் பெட்டிகளாக்கி, அவற்றை அருகருகே நிறுத்தி மேலே கல் பதிப்பது மற்றொரு வகை. இங்கு விளக்கப்படுவது பின்னது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரையில் அமைந்த பள்ளிகொண்டா வட்டாரத்தின் தரை, தண்ணீர், சமையல் வழக்கம் ஆகியவற்றைக் கருதியே அது விளக்கப்படுகிறது.

வரலாறு

தமிழ்நாட்டு வீடுகளில் சமையல் நெடுங்காலம் உட்கார்ந்து செய்யும் வேலையாகவே இருந்தது. கொடியடுப்பு, அதாவது ஒரே நெருப்பில் இரண்டு பானைகள் கொதிக்கும்படி பக்கக் கண் வைத்துப் பூசிய மண்ணடுப்பு, தரையோடு தரையாக இருந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் அதன் அருகிலேயே கிடந்தன. அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு காய் அரிந்தனர். நின்று சமைப்பதை மண்ணெண்ணெய் அடுப்பு தொடங்கிவைத்தது, எரிவாயு நிலைநிறுத்தியது. 1965 இல் கொல்கத்தாவில் வழங்கத் தொடங்கிய இண்டேன் எரிவாயு படிப்படியாகத் தெற்கே பரவியபோது, அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதியும் உடன் வந்ததால், மேடை வசதிக்கு உரியது என்ற நிலை மாறிக் கட்டாயமாயிற்று. 2006 இல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கியதும், 2011 இல் அமைந்த அரசு மிக்சியும் கிரைண்டரும் வழங்கியதும், குடிசை வீட்டிலும் ஒரு கடப்பாக் கல் மேடையைக் கொண்டுவந்து சேர்த்தன. தமிழ்நாட்டுச் சமையலறையின் வடிவத்தை மாற்றியதில் கட்டடக் கலைஞர்களைவிட இத்திட்டங்களின் பங்கே பெரிது.

மேலைநாடுகளில் இவ்வளர்ச்சி வேறு வழியில் நடந்தது. கேதரின் பீச்சரும் அவர் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவும் 1869 இல் வெளியிட்ட இல்லற நூலில், ஒவ்வொரு பொருளும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் தொடர் மேடை வரையப்பட்டிருந்தது. 1926 இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்ஃபர்ட் சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்டது. அந்நகரின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இவ்விரண்டிலும் மேடை சுவரோடு ஒட்டியே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சமையலறைக்கும் கூடத்திற்கும் இடையிலிருந்த சுவர் நீக்கப்பட்டபோதுதான், பெருவீடுகளின் நடு மேசை அடியில் அலமாரி பெற்று நிலையான தீவாக மாறியது.

பிரித்து அனுப்பிச் சேருமிடத்தில் பூட்டும் முறை இதைவிடப் பழையது. 1859 இல் தோனெட் நிறுவனம் வெளியிட்ட 14 ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டுகளும் சில திருகாணிகளும் கொண்டது. பிரித்த நிலையில் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டியில் அடங்கின. 1956 இல் சுவீடனின் ஐகியா நிறுவனம் இம்முறையை மேசைக்கும் பின்னர் அலமாரிக்கும் கொண்டுவந்தது. ஜெர்மனியில் உருவான 32 மில்லிமீட்டர் முறை, பலகைத் துளைகளின் இடைவெளியை ஒரே அளவாக்கியதால், ஓர் ஆலையின் கீலும் மற்றோர் ஆலையின் பலகையும் பொருந்தத் தொடங்கின. ஐகியா 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்திலும் 2022 ஜூனில் பெங்களூரு நாகசந்திராவிலும் கடை திறந்தது.

பலகை

மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்யும் பிளைவுட் என இருவகைப் பலகைகள் பயன்படுகின்றன. முன்னது விலை குறைவு. ஆனால் அதன் வெட்டு விளிம்பில் ஈரம் ஏறினால் உப்பிவிடும், உப்பியது மீண்டும் அமுங்காது. வாரந்தோறும் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடுகளுக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட்டே ஏற்றது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் பதனிடும் கழிவு கெடுத்த வரலாறு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. உவர்நீர் தெறிக்கும் இடத்தில் சாதாரண இரும்புக் கீல் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், எவர்சில்வர் கீலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

மட்டம் பிடித்தல்

தீவு மேடை வேலையில் மிகுந்த கவனம் வேண்டுவது இப்பகுதியே. சுவர் மேடை ஒரு பக்கம் சுவரில் திருகப்பட்டுவிடுவதால் சிறு கோணல் அதில் மறைந்துவிடும். தீவுக்கு அத்தகைய பிடிமானம் இல்லை. மேலும், கழுவிய தண்ணீர் வடிகாலை நோக்கி ஓட வேண்டும் என்பதற்காகக் கொத்தனார் தரையை வேண்டுமென்றே சற்றுச் சரித்துப் போடுகிறார். இச்சரிவு வாட்டம் எனப்படும். நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தில், 180 செ.மீ. நீளமுள்ள மேடையின் ஒரு முனையில் தரை 18 மி.மீ. இறங்கியிருக்கும். வெளிநாட்டு விளக்கத் தாள்கள் சமதளத் தரையை எண்ணி எழுதப்பட்டவை. வாட்டமான தரையில் அவற்றை அப்படியே பின்பற்றுவோர் இடர்ப்படுவது இதனால்தான்.

முதலில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. மரக் குச்சியைத் துளையில் செருகி, கேம் பூட்டை அரைச் சுற்றுத் திருகியபின், முகப்பின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி மூலை மட்டத்தில் உள்ளது. அதன் பிறகே முதுகுப் பலகை அடிக்கப்படும். அடுத்து, மேடை நிற்கப்போகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, நேரான அலுமினியக் குழாயையும் அதன் மேல் ரசமட்டத்தையும் வைத்துத் தரையின் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டறிய வேண்டும். ரசமட்டமே பிழையாக இருக்கக்கூடும் என்பதால், அதை முனை மாற்றித் திருப்பி வைத்தும் குமிழி அதே இடத்தில் நிற்கிறதா என்று சோதிப்பது தேர்ந்த தச்சரின் வழக்கம்.

உயர்ந்த புள்ளியில் முதல் பெட்டியை வைத்து அதன் பிளாஸ்டிக் கால்களைக் குறைந்த அளவில் நிறுத்த வேண்டும். ஏனைய பெட்டிகளின் கால்களை மரை திருகி உயர்த்தி அதற்கு இணையாகக் கொண்டுவர வேண்டும். தாழ்ந்த இடத்தில் தொடங்கினால் கடைசிப் பெட்டியைத் தாழ்த்த வழியிராது. நீளவாக்கு, அகலவாக்கு, மூலைக்கு மூலை என மூன்று திசையிலும் குமிழி நடுவில் நின்ற பிறகு, பெட்டிகளைக் கிளாம்பால் இறுக்கிப் போல்ட் போட்டு இணைப்பர். காலுக்கடியில் அட்டையை மடித்து வைக்கக் கூடாது. முதல் முறை கழுவும்போதே அது ஊறிக் கரைந்துவிடும். இறுதியாக, உட்புறத்தில் எல் கிளாம்ப் வைத்து, டைல்ஸில் துளையிட்டுப் பிளக் அடித்துத் தரையோடு திருக வேண்டும். நீர்க்குழாயும் மின்கம்பியும் செல்லும் தடத்தை அதற்கு முன்பே குறித்துக்கொள்வது இன்றியமையாதது.

கல் அதன் பின்னரே ஏற்றப்படும். 180க்கு 90 செ.மீ. அளவில் 20 மி.மீ. கனமுள்ள கிரானைட் ஏறத்தாழ 87 கிலோ எடை கொண்டது. அடியில் ஒரு கால் தரை தொடாமல் தொங்கினாலும் கல் அழுத்தும் இடத்தில் விரிசல் காணும், கதவுகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும், இழுப்பறை தானாகவே திறந்துகொள்ளும். தீவில் அடுப்பு வைத்தால் வாணலியின் எண்ணெய் ஒரு பக்கமாகத் தேங்குவதிலேயே மட்டக் குறை தெரிந்துவிடும். தாளிப்பும் பொரிப்பும் மிகுந்த நம் சமையலுக்குப் புகைபோக்கி சுவரோரம் இருப்பதே நல்லது என்பதாலும், அடுப்பு அக்னி மூலையாகிய தென்கிழக்கில் இருக்க வேண்டும் என்று பலர் கருதுவதாலும், தீவை அரிவதற்கும் பிசைவதற்கும் உண்பதற்கும் விட்டுவிடுவதே தக்கது.

இன்று வேலூர், காட்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளின் புதிய வீடுகளில் மாடுலர் சமையலறை பழக்கமாகிவிட்டது. எனினும் சுவர் மேடைக்கு 60, இருபுற நடைவழிக்குத் தலா 100, தீவுக்கு 90 எனக் குறைந்தது 350 செ.மீ. அகலம், அதாவது ஏறத்தாழ 11½ அடி, வேண்டியிருப்பதால், தீவு மேடை பெரிய வீடுகளிலேயே அமைகிறது.