காற்றின் பழைய கணக்கு: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நகரத் திட்டமிடலும் வளி மதிப்பீடும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தோர் ஒன்றை அறிவர். நிலத்தின் பரப்பும் நான்கு எல்லைகளும் மாத்திரமன்றி, கிணற்றிலுள்ள பங்கு, வழிவாய்க்கால் உரிமை ஆகியனவும் அவற்றில் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். நீருக்காக இத்துணை வழக்காடிய சமுதாயம் காற்றுக்கு உறுதி எழுதியதில்லை. எழுதவேண்டிய தேவையும் எழவில்லை. இன்றோ பெருந்தொழிற்சாலை ஒன்றுக்கோ, மின்னிலையம் ஒன்றுக்கோ அனுமதி கோருவோர் அவ்விடத்து வளியின் தன்மையை அளந்து காட்டல் வேண்டும். முதலில் 'நிலவும் நிலை' இதுவென்று கூறிப் பின்னர்த் திட்டத்தினால் அதனோடு சேரக்கூடியது இவ்வளவு என்று கணித்தல் இம்மதிப்பீட்டின் முறை. நிலவும் நிலை என்பது இரசாயனவியலார் மட்டுந் தீர்மானிக்கும் விடயமன்று. அது வரலாற்றுக்கும் உரிய வினா என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

குடியேற்றவாதக் காலச் சட்டங்கள் காற்றை அளந்த விதம் வேறு. 1862 ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் அழுகலையும் துர்நாற்றத்தையும் நோக்கியது. கொழும்பிலே கொள்ளைநோய் தோன்றியதற்கு மறு ஆண்டான 1915 இல் இயற்றப்பட்ட வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் கட்டடங்களிடையே விடவேண்டிய வெளியை வரையறுத்தது. இதன் 63½ பாகைக் கோண விதி கட்டடக்கலை பயில்வோர்க்குப் பழக்கமானது. வெற்றிடம் இருந்தால் நல்ல காற்று தானே வந்து சேரும் என்பது அக்கால நம்பிக்கை. நடுவே முற்றம் விட்டு நாற்சார் வீடு கட்டிய எம்மவர்க்கு இந்தப் பாகைமானி தேவைப்படவில்லை என்பது வேறு கதை. ஆயினும் வருங் காற்றே மாசுற்றதாயின் முற்றமும் கோணமும் என்ன செய்யும்? இவ்வினா குடாநாட்டின் முன் எழுந்தது 1950 ஆம் ஆண்டிலேயாம்.

அவ்வாண்டிலே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. சுண்ணாம்புக்கல் அயலிலேயே அகழப்பட்டது. களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து தருவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் அரைத்துக் கலந்து ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டுக் கிளிங்கராக்கி மீண்டும் அரைப்பதே சீமெந்து செய்யும் முறை. அகழ்தல், அரைத்தல், சுடுதல், பொதியிடல் ஆகிய ஒவ்வொரு படியிலும் தூசி எழும். அத்தூசி காரத்தன்மையுடையது, பனியும் ஈரமும் பட்டவிடத்து இலையின்மேல் ஓடுபோல் இறுகவல்லது. சுதந்திர இலங்கையின் முதற் பெருங்கைத்தொழில்களுள் ஒன்றாகிய இத்தொழிற்சாலை வடபகுதிக்குத் தந்த தொழில்வாய்ப்பும் பெருமிதமும் சிறியனவல்ல. அதனாலேயே போலும், அதன் தூசியைப் பற்றிய எழுத்து எம்மிடம் அருகியே காணப்படுகிறது.

அத்தூசி எங்கே சென்றது என்பதை அறிதற்கு எம் முன்னோரின் காற்றறிவே போதுமானது. குடாநாட்டிலே மலையில்லை, காற்றைத் தடுப்பாரும் இல்லை. ஏறக்குறைய வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். கார்த்திகைக்குப் பின் வாடை வடகிழக்கிலிருந்து இறங்கும். தொழிற்சாலையோ வடகரையில் அமைந்தது. ஆதலாற் சோளக காலத்தில் புகையும் தூசியும் பெரும்பாலும் கடலை நோக்கிச் செல்லும்; வாடை காலத்திலோ கீரிமலை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை முதலிய ஊர்ப்புறங்களை நோக்கித் திரும்பும். ஆடி மாதத்தில் அங்கு வளியை அளந்தவன் குறையொன்றுங் காணான். மார்கழியில் அளந்தவன் வேறு முடிவுக்கு வந்திருப்பான். எனினும் தொழிற்சாலை எழுந்த காலத்தில் எம்மாதத்திலும் அளக்குமாறு கோருஞ் சட்டம் இருக்கவில்லை. இது இலங்கைக்கே உரிய குறையன்று. இலண்டன் நகரத்தைப் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தது 1952 மார்கழியில். அங்கு தூயவளிச் சட்டம் நிறைவேறியது 1956 இல். திட்டத்திற்கு முன்னரே அதன் தாக்கத்தை மதிப்பிடும் கடப்பாட்டை ஐக்கிய அமெரிக்காவின் 1969 ஆம் ஆண்டுச் சட்டமே முதலில் விதித்தது.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையைத் தோற்றுவித்தது. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டையும் பாதுகாப்பு உரிமத்தையும் கொணர்ந்தது; மதிப்பீட்டுக்குட்படவேண்டிய திட்டங்களின் பட்டியல் 1993 இல் வெளியாயிற்று. வளித்தர நியமங்கள் 1994 இல் விதிக்கப்பட்டு 2008 இல் திருத்தப்பட்டன. இவ்வாண்டுகளை யாழ்ப்பாண வரலாற்றின் பக்கத்தில் வைத்து நோக்குதல் வேண்டும். 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். தென்னிலங்கையிற் சட்டம் வளர்ந்த அதே ஆண்டுகளில் இங்கே மின்சாரமில்லை, பெற்றோலுமில்லை. சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் வெண்புகையையும், ஜாம் போத்தல் விளக்கின் கரியையும் அத்தலைமுறையினர் மறந்திரார். மாணவர் பாடம் படித்தது அக்கரியின் அருகிலேதான். கொழும்புக் கோட்டையில் வளியைத் தொடர்ச்சியாக அளக்கும் நிலையம் 1990களின் பிற்பகுதியில் இயங்கலாயிற்று. குடாநாட்டுக் காற்றோ அளப்பாரற்றுக் கிடந்தது.

இதன் விளைவு யாதெனின், 1950 முதல் 1990 வரை தொழிற்சாலை இயங்கிய காலத்துக் காற்றுக்கும் தொடர்ச்சியான அளவீடு இல்லை. அதன் பின்னான காற்றுக்கும் இல்லை. போர் முடிந்த பின்னர் அளக்கப்புகுவோர் காண்பது, புகைபோக்கிகள் பல்லாண்டு ஓய்ந்திருந்த ஒரு நிலத்தின் வளியை. அதனை இயற்கை நிலையெனக் கொள்வது தவறு. தூய்மையானதொரு பின்னணியின்மேல் எத்துணையும் ஏற்றலாம் என்று வாதிக்க அது இடந்தரும்; ஊர் மீளக் குடியேறி, வாகனமும் அடுப்பும் பெருகும்போது அப்பின்னணி தானே உயரும் என்பதை அக்கணக்கு மறைத்துவிடும்.

இன்னுமொன்று. 2022 மார்கழி முற்பகுதியில் வங்கக் கடலிற் புயல் உருவான வேளையில், அயல்நாட்டிலிருந்து வந்த மாசு வளி இலங்கையை மூடியது. யாழ்ப்பாணத்தில் வளித்தரச் சுட்டெண் 200 ஐத் தாண்டியது. மார்கழி 9 ஆம் திகதி நாடெங்கும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. அன்று குடாநாட்டில் எந்தச் சூளையும் அதற்குக் காரணமன்று. வாடை காலத்திற் காற்று முன்னரே சுமையோடு வருகின்றது. உள்ளூர்த் தூசியை உள்நாட்டை நோக்கித் தள்ளுவதும் அதே வாடைதான். இரு சுமைகளும் ஒரே மாதங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. 2.5 மைக்குரோமீற்றருக்குட்பட்ட நுண்துகளுக்கு இலங்கை நியமம் 24 மணித்தியாலத்துக்குக் கனமீற்றருக்கு 50 மைக்குரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த வழிகாட்டல் 15. ஆகவே சட்டத்துக்குள் அடங்கும் காற்றும் நெஞ்சுக்கு ஏற்ற காற்றும் ஒன்றல்ல. சில நாட்கள் மட்டும், அதுவுஞ் சோளகத்தில், கருவியை நிறுத்தி எழுதப்படும் அறிக்கை எண்களிற் பிழையற்றதாயிருந்தும் பொருளிற் பிழைபடக்கூடும்.

நீரில் இதற்கொரு பாடம் கிடைத்துள்ளது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 சித்திரையில் இழப்பீடு விதித்தபோது, கிணற்று நீரைத் தோண்டியில் மொண்டு காட்ட முடிந்தது. 1970களில் மாவிட்டபுரத்து வாடையிற் கலந்திருந்த தூசியை இன்று எவராலும் மொண்டு காட்ட இயலாது.

காங்கேசன்துறையில் மீண்டும் கைத்தொழில் வலயம் அமைக்கும் முன்மொழிவு அண்மைய ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டுள்ளது. அது வேண்டாமென்பது எமது வாதமன்று. வேலையற்ற இளைஞரைக் கொண்ட மண் அவ்வாறு கூறவும் இயலாது. முதற் செங்கல் வைக்கப்படு முன்னரே தெல்லிப்பழையிலும் கீரிமலையிலும் ஒரு முழு வாடையும் ஒரு முழுச் சோளகமும் அளந்து, அக்கணக்கைப் பிரதேசசபையில் எவரும் வாசிக்கத்தக்க வகையில் தமிழில் வைத்தல் வேண்டும். 1950 இல் அதற்கான கருவியும் இல்லை, சட்டமும் இல்லை. இப்பொழுது இரண்டும் உள.