காவற்கூலியும் காவல்துறையும்: சென்னை மாகாண ஊர்க்காவலில் சிக்கனத்தின் வரலாறு

ஊரைக் காப்பதற்குக் கூலி தருவோர் யார் என்னும் வினா தமிழகத்திற்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் ஒரு வரியாகக் குறிக்கப்பெறுகிறது. பிற்காலப் புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளிலோ அது விற்கவும் வாங்கவும் தக்க உரிமையாக மாறியுள்ளது. நலிவுற்ற ஊரார் அதனை அரையர்களுக்கு அளித்த செய்திகளைக் காண்கிறோம். இவ்வுரிமை ஆங்கிலேயர் கைக்குச் சென்றபின் காவற்செலவு எவர் தலையில் விழுந்தது என்பதை மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பாளையக்காரர் காலத்துத் தென்பாண்டி நாட்டில் தேசகாவல், ஸ்தலகாவல் என இருவகைக் காவல் நிலவியது. முன்னது பாளையக்காரர் தம் எல்லைக்கு அப்பாலும் தண்டியது. பின்னது ஊர்க்காவலருக்கு உரியது. ஆட்சியர் லூஷிங்டன் தேசகாவலைக் கொள்ளை என்றே கருதினார். ஆயினும் 1799, 1801ஆம் ஆண்டுப் போர்களுக்குப் பின் கும்பினி அக்கூலியை ஒழித்துவிடவில்லை. தன் வருவாயாக்கிக் கொண்டது. கூலி அரசுக்குச் சென்றது. அதற்கு ஈடான காவல் ஊருக்கு வந்து சேரவில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் தோற்றுவாய் இதுவே என்பது எம் கருத்து.

தாமஸ் மன்றோவின் கருத்தையொட்டி வந்த 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, ஊர்த்தலைவர், தலையாரி, தாசில்தார் ஆகியோரிடமே காவற்பணியை ஒப்படைத்தது. பழைய முறையை மீட்டதாக இதனைப் பாராட்டுவர். செலவில்லாத ஏற்பாடு என்பதும் அதன் கவர்ச்சிகளுள் ஒன்று. வரி தண்டுபவரே குற்றமும் விசாரித்ததன் விளைவு 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில் வெளிப்பட்டது. அதன்பின் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டப்படி தனிக் காவல்துறை தோன்றியது; வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். எனினும் கருவூலக் காவலும் கைதிகளுக்கு வழித்துணையும் பெருமளவு ஆட்களை விழுங்கின. எஞ்சிய சிலரே சிற்றூர்களைச் சுற்றிவர வேண்டியிருந்தது. களவுபோன மாட்டைத் தேடும் குடியானவனுக்குக் காவல் நிலையம் தொலைவில் இருந்தது, ஊர்க்காவலரோ அருகிலிருந்தனர்.

எனவே பழைய காவல் சட்டத்திற்குப் புறம்பே தொடர்ந்தது. களவுபோன மாட்டை மீட்டுத் தருவதற்குப் பெற்ற தொகை துப்புக்கூலி எனப்பட்டது. அதிகாரிகள் இதனை மிரட்டிப் பறித்தல் என்றே எழுதினர். குடியானவர் தரப்பிலும் மனக்குறை இருந்தது என்பதை மறைத்தல் கூடாது. 1895-96ஆம் ஆண்டுகளில் திண்டுக்கல் பகுதியில் அம்மையப்பக் கோன் தொடங்கிய இயக்கம் கள்ளர் காவலை நீக்க முனைந்தது. ஊரார் பணம் திரட்டி, மாடிழந்தோர்க்கு ஈடு தந்து, தாமே காவலரை அமர்த்தினர். ஆங்கிலச் சொல்லே திரிந்து இவ்வமைப்புக்குப் 'பண்டு' எனப் பெயராயிற்று. கலகங்கள் மூண்டன. ஆயினும் இங்கு நோக்கத்தக்கது வேறொன்று: அரசுக்கு வரி செலுத்திய அம்மக்களே தம் காவலுக்கு மீண்டும் தனியே பணம் திரட்ட நேர்ந்தது.

கலகம் நிகழ்ந்த ஊரில் கூடுதற் காவலரை நிறுத்தி அச்செலவை ஊராரிடமே தண்டவும் சட்டம் இடமளித்தது. 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்திற்குப் பின் இம்முறை கையாளப்பட்டது. 1902-03ஆம் ஆண்டு பிரேசர் காவல் ஆணையம் காவலரின் குறைந்த ஊதியத்தை ஊழலோடு தொடர்புபடுத்தியது. அதேவேளை ஊர்த்தலைவரின் உதவியைப் பெரிதும் நாடியது. இருக்கும் ஆட்கள் போதாமையை மறைமுகமாக ஒப்புக்கொண்டதாகவே இதனைக் கொள்ளலாம்.

1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் இவ்வரிசையில் வைத்து நோக்குதல் தகும். சாதிக் காழ்ப்பும் இனக் கோட்பாடும் அதன் வேர்கள் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. அதனை யாமும் ஏற்கிறோம். எனினும் சிக்கனக் கூறும் அதனுள் உண்டு. காவலர் ஊர்தோறும் செல்வதற்கு மாறாக, கண்காணிக்கப்படுவோரே இரவில் குறித்த நேரத்தில் வந்து நேர்நிற்க வேண்டும். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. ஊர்க்காவலுக்கு உரியவராயிருந்த தலையாரி இன்று வருவாய்த்துறையின் கிராம உதவியாளராக உள்ளார். பேச்சு வழக்கில் பழைய பெயரே நிற்கிறது.