ஐவிக் கொடியும் அழகுப் பூச்சும்

பாழடைந்த கோட்டைகளையும் பழைய தேவாலயங்களையும் பசுமையாற் போர்த்தி நிற்கும் ஐவிக் கொடி, ஐரோப்பாவிற்கும் மேற்காசியாவிற்கும் உரியது. கடுங்குளிரிலும் இலையுதிராத அதன் இயல்பைக் கண்ட கிரேக்கர், மதுவின் தெய்வமாகிய டயோனிசசின் முடியில் அதனைச் சூட்டினர். தெய்வத்தின் தலைக்கு அணியாகிய கொடி, மாந்தர் தலைக்கு மருந்தாகவும் வந்து சேர்ந்தது.

கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டியொஸ்கோரிடெஸ், தமது மூலிகை நூலில், ஐவியின் பிசின் பேனைக் கொல்லும் என்றும், வேண்டாத மயிரை நீக்கும் என்றும் குறித்துள்ளார். அந்நூற்றாண்டினரான உரோம அறிஞர் பிளினியும் இவ்வாறே கூறுகின்றார். பேனைக் கொன்று மயிரையும் உதிர்ப்பதாகச் சொல்லப்பட்ட பொருளை அக்காலத்தவர் மென்மையானதாகக் கருதியிருத்தல் இயலாது. அதன் வன்மையை அறிந்தே கையாண்டனர்.

பிற்காலத்திற் பிரித்தானிய இல்லத்தரசியர் ஐவியிலையைக் காய்ச்சி வடித்த நீராற் கறுப்பு ஆடைகளைத் துலக்கினர். அவ்விலையில் உள்ள சப்போனின் என்னும் பொருள் நீரிற் கலந்தால் சவர்க்காரம்போல் நுரைக்கும். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு இக்கொடிக்கு ‘ஹெடெரா ஹீலிக்ஸ்’ எனப் பெயரிட்டார். ஐவிச் சப்போனினின் கருவாகிய ‘ஹெடெராஜெனின்’ அப்பெயரடியாகப் பிறந்த சொல்லே. நம்மவர் தலைமுழுகக் கொண்ட பூந்திக் கொட்டையின் நுரைக்கும் அதே ஹெடெராஜெனின் அடிப்படையாய் இருத்தல் வியப்புக்குரியது. நிலம் வேறு, மரபு வேறு, நுரையின் மூலம் ஒன்று.

தொடையிலும் இடுப்பிலும் தோல் குழிவிழுந்து தோன்றுவதைக் குறிக்கும் ‘செலுலைட்’ என்ற பிரெஞ்சுச் சொல், 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சஞ்சிகைகள் வாயிலாக ஆங்கில வாசகரிடையே பரவிற்று. பெண்களிற் பெரும்பாலாருக்கு இயல்பாகவே அமைந்த அத்தோற்றம், அன்றுமுதல் ஒரு குறையாயிற்று. குறை பிறந்ததும் மருந்தும் விலைக்கு வந்தது. அத்தகைய பூச்சுக்களில் ஐவிச்சாறு இடம்பெற்றது. ஆயினும் அது பெரும்பாலும் தனித்து இராது. கோப்பியிலுள்ள கஃபீன் போன்ற பிற பொருள்களுடன் கலந்தே வரும். ஆதலின், பயன் உண்டெனினும் அஃது எதனால் விளைந்தது எனப் பிரித்தறிதல் அரிது.

இக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஐவியை வெட்டுவோரின் கைகளிற் கொப்புளமும் அரிப்பும் தோன்றுதல் மருத்துவர் அறிந்ததே. ஐவியிலுள்ள பல்காரினோல் என்னும் பொருளே அவ்வொவ்வாமைக்குக் காரணம் என்பதை 1987இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 1993இல் ஐரோப்பிய சமூகம், அழகுப் பொருள்களிற் சேர்ந்த யாவற்றையும் உறையின்மேற் குறித்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தது. ஒருமுறை ஐவியால் வருந்திய ஒருவர் மறுமுறை தம்மைக் காத்துக்கொள்ள அச்சிறிய எழுத்துக்களே துணை.

‘இயற்கை மூலிகை’ என்ற சொல்லொன்றே நன்மைக்குச் சான்றாகாது. சுவரிற் படர்ந்த கொடி குப்பியுட் புகுந்தாலும் அதன் குணம் மாறுவதில்லை. அதனை அறிந்து கொள்வோரே அதன் பயனையும் அறிவர்.